மூன்று மில்லி

நேற்று பதுளையில் பேத்தியின் காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போனோம். கடைப் பெண் பொடி இருந்த போத்தலில் ஆறிய நீரை விட்டுக் குலுக்கினாள். "கோடு வரைக்கும்தானே ஊத்தினீங்க?" என்று கேட்டேன். "ஆமாங்க" என்றாள். மூன்றாம் முறையும் கேட்டபோது என் மகள் என் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். "ஏம்ப்பா இப்படிப் பண்றீங்க?" காரணத்தை அவளிடம் சொல்லிப் பயனில்லை. சொல்ல வேண்டியது உங்களிடம்.

தேயிலைத் தோட்டத்து மருந்தறையில் நான் வேலை பார்த்தபோது உங்களை 'நீ' என்றுதான் கூப்பிட்டேன். கொழுந்தெடுக்கும் பெண்ணை மருந்துக்கார ஐயா அப்படித்தான் கூப்பிடுவார். இன்று அப்படி எழுதக் கை வரவில்லை.

சயரோகத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுத் தெமோதரைத் தோட்டத்துக்குத் திரும்பினீர்கள். மிச்ச ஊசிகளை நான் தினமும் போட வேண்டும். முதலில் வந்தவை ஒரு கிராம் குப்பிகள். பொடி கரைந்து மொத்தம் நாலு மில்லி வரும்படி நீர் விடுவேன். அதில் மூன்று மில்லி எடுத்தால் முக்கால் கிராம். அதுதான் உங்கள் அளவு. பிறகு ஐந்து கிராம் குப்பிகள் வந்தன. தாளில் இருந்தபடி மொத்தம் பத்து மில்லியாகக் கரைத்தேன். இப்போது ஒரு மில்லியில் அரைக் கிராம். ஒன்றரை மில்லி போதும். என் கையோ பழக்கத்தில் மூன்றாம் கோடு வரை இழுத்தது. தினமும் இழுத்தது.

"காதுக்குள்ள வண்டு கத்துதுங்க ஐயா."

"சளியா இருக்கும். சரியாப் போயிரும்."

சில நாளில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தீர்கள். அப்போதும் போட்டேன். ஆறு ஊசிக்கு வர வேண்டிய குப்பி மூன்றிலேயே தீர்ந்துபோவது ஏன் என்று ஒரு காலையில் யோசித்தேன். அளவு கூடினால் காதைக் கெடுக்கும் மருந்து அது. ஊசியை நிறுத்தினேன். அதற்குள் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் கங்காணி உங்கள் பெயரைக் கத்திக் கூப்பிட்டாலும் கேட்காமல் போயிருந்தது. பதிவேட்டில் 'நோய் காதைப் பாதித்தது' என்று எழுதினேன்.

இரண்டு வருடம் கழித்து உங்கள் குழந்தைக்குக் காய்ச்சல் என்று நீங்கள் குடியிருந்த லயத்து வீட்டுக்கு வந்தேன். தொட்டில் கயிற்றில் உங்கள் சேலை முந்தானை முடிந்திருந்தது. பிள்ளை அசைந்தால் உங்களுக்குத் தெரிய வேண்டுமே. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி நீட்டினேன்: 'மருந்தை இரண்டு மடங்கு போட்டுவிட்டேன். உன் காது போனது என்னால்.'

விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தீர்கள். திட்டுவீர்கள் என்று நினைத்தேன்.

"அப்ப என்மேல குத்தமில்லீங்களா? கதிர்காமத்து முருகனுக்கு வச்ச நேர்த்திய மறந்தேன், அதான் சாமி தண்டிச்சிருச்சின்னு மாமி சொல்லிச்சுங்க. நானும் அப்பிடித்தாங்க நெனச்சுக்கிட்டிருந்தேன்."

உங்கள் குரல் எவ்வளவு சத்தமாக இருந்தது என்பது உங்களுக்கே தெரியாது. பக்கத்து வீட்டில் பேச்சு நின்றது. "இந்தச் சீட்ட நான் வச்சுக்கிறேங்க ஐயா, மாமிக்கிட்ட காட்டுறேன்" என்றீர்கள்.

எனக்கு வேலை ஞாபகம் வந்தது, தோட்டத்தை நடத்தும் துரையின் முகம் ஞாபகம் வந்தது. உங்கள் கையிலிருந்து சீட்டை வாங்கி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். நாளைக்கு என்று சைகை காட்டினேன். சீட்டுக்காக நீட்டிய கையை எடுக்காமலே நீங்கள் நம்பித் தலையாட்டினீர்கள். அன்றே அதை அடுப்பில் போட்டேன். பிறகு நீங்கள் மருந்தறை வாசலில் வந்து நின்றபோதெல்லாம் வேலையாக இருப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

இந்தியாவுக்குப் போகும் குடும்பங்களோடு நீங்களும் ரயிலேறினீர்கள். நான் ஸ்டேஷனுக்கு வரவில்லை. நீங்கள் இறந்துபோனதாகப் போன மாதம் உங்கள் தம்பி நீலகிரியிலிருந்து எழுதியிருந்தார். கடைசி வருடம்கூட அந்த நேர்த்திக்காகக் காசு சேர்த்து, யாரிடமோ கொடுத்துக் கதிர்காமத்துக்கு அனுப்பச் சொன்னீர்களாம்.

அதன் பிறகு எத்தனையோ பேருக்கு ஊசி போட்டேன். ஒவ்வொரு முறையும் அளவை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் குத்தினேன். அவர்கள் பிழைத்தார்கள். ஆனால் உங்களை நினைக்கும்போது என் கண்முன் வருவது ஊசி அல்ல. சீட்டைத் திரும்ப வாங்க நீட்டியபடியே இருந்த உங்கள் கை.