மதினியின் காலில் இருந்த தடம்

வாயால் எங்களை எல்லாம் விரட்டி, மனசால் கட்டி மேய்த்த என் மதினிக்கு,

பாண்டி எழுதுகிறேன். உங்களுக்குப் போய் நான் கடிதம் எழுதுவேன் என்று யாராவது சொல்லியிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். உங்கள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர்தான். எது வேண்டுமென்றாலும் சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏ கொழுந்தனாரே!" என்று ஒரு சத்தம் போடுவீர்கள். விளாங்குடி முழுக்கக் கேட்கும். இப்போது நான் சத்தம் போட்டால் அந்தப் பக்கம் கேட்க ஆளில்லை. நேற்று ஒன்று நடந்தது மதினி. அதை உங்களிடம் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

முதலில் அந்தக் காலைப்பொழுதைச் சொல்லிவிடுகிறேன். அதையே நான் இன்னும் நம்பவில்லை. நீங்கள் போன அன்று காலையில் எனக்குப் போன் போட்டுத் திட்டினீர்கள், ஞாபகம் இருக்கிறதா? முதல் நாள் அலங்காநல்லூர்ப் பக்கம் என் பிக்கப் வண்டியில் ஒரு ஜல்லிக்கட்டுக் காளையை இறக்கிவிட்டு வந்திருந்தேன்.

"வண்டியக் கழுவுனீங்களா இல்லையா? ஞாயித்துக்கெழம எம்மக கயலுக்கு பைக் ரேஸு. போன தடவ எஞ்சேல பூராம் சாணி!"

"நீங்க ஏன் மதினி பின்னாடி ஏறுறீங்க? முன்னாடி உக்காந்து மகாராணி மாதிரி வாங்களேன்."

"ஓட்டப் போறவ முன்னாடி உக்காரட்டும். நான் காத்தாட வாரேன். நீங்க மொதல்ல கழுவுங்க."

கழுவிக்கொண்டுதான் இருந்தேன். பிக்கப்பின் பின்பக்கத்தில் தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டு இருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கம் என் சம்சாரம் செல்வி அலறினாள். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் சரிந்தீர்களாம். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. இப்போதுதானே திட்டினார்கள், திட்டிய வாய் எப்படி அதற்குள் மூடும் என்றே அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டு இருந்தேன். குழாயை மூடவில்லை என்பது சாயங்காலம்தான் தெரிந்தது.

அதோடு போயிருந்தால் அழுது தீர்த்திருப்போம். குடத்தில் நீர்மாலை எடுத்து வந்து பெண்கள் உங்களைக் குளிப்பாட்டினார்கள். செக்கானூரணியிலிருந்து உங்கள் அண்ணன் பிறந்த வீட்டுக் கோடித் துணியோடு வந்து வெளியே நின்றார். அவர் சம்சாரம்தான் உங்கள் காலைத் தேய்க்கும்போது அதைப் பார்த்திருக்கிறார். இடது கெண்டைக்காலின் வெளிப்பக்கம், வரிசையாகப் புள்ளி புள்ளியாய்த் தடம். ஒன்றில்லை, பல. சிலது மஞ்சள் பூத்த பழைய காயம், சிலது கறுத்தது, ஒன்று புத்தம் புதுசு.

பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்திருக்கிறார்கள். ஒரு பெரியம்மா வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. "பெல்ட்டு அடி இது. ஓட்ட ஓட்டயா இருக்குல்ல" என்று சொல்லிவிட்டார். சுடுகாட்டிலிருந்து நாங்கள் திரும்புவதற்குள் அந்தச் சொல் உங்கள் அண்ணன் காதுக்குப் போய்விட்டது.

உங்கள் புருஷன், என் அண்ணன், உங்களை அடித்தான் என்று பேச்சு. பஸ் ஓட்டுகிறவன், காக்கி பேன்ட், அகலமான பெல்ட். சத்தமாகப் பேசுவான். தட்டைத் தூக்கி எறிந்த நாளும் உண்டு, அடுத்த நாளே நீங்கள் அவனுக்கு அந்தத் தட்டிலேயே சோறு போட்ட கதையும் உண்டு. ஆனாலும் அடி என்றால்? நான் அவனிடமே கேட்டேன் மதினி. கூடப்பிறந்தவனை அப்படிக் கேட்கும்படி ஆகிவிட்டது.

"இல்லடா" என்றான். பிறகு, "அவ கால்ல காயம் இருந்ததே எனக்குத் தெரியலையேடா. இம்புட்டு வருசம் ஒரே வீட்டுல இருந்துட்டு, அதுகூடத் தெரியாத நான் என்னத்தச் சொல்லி நம்ப வைக்கிறது?" என்றான்.

அதற்கு மேல் அவன் வாயைத் திறக்கவில்லை. யார் கேட்டாலும் பதில் இல்லை. அந்த மௌனத்தை ஊரே ஒப்புதலாக எடுத்துக்கொண்டது. நானும்தான் எடுத்துக்கொண்டேன். ஆணியில் தொங்கிய அவன் பெல்ட்டை நான் பார்த்ததை அவனும் பார்த்துவிட்டான். அடுத்த நாள் ஆணியில் பெல்ட் இல்லை. ஆள் இளைத்து பேன்ட் நிற்காமல், இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டுதான் டியூட்டிக்குப் போனான்.

கருமாதி அன்று உங்கள் அண்ணன் அவன் பக்கமே திரும்பவில்லை. என்னிடம்தான் சொன்னார்.

"மாப்ள, முப்பதாம் நாள் காரியம் முடியட்டும். கயல நான் கூட்டிட்டுப் போயிருவேன். எந்தங்கச்சியக் கொன்ன வீட்டுல எம்மருமக இருக்க வேணாம். அந்த பைக்க வித்துருங்க. அது இருந்தா பிள்ள கெளம்ப மாட்டா."

கயலுக்குக் காரணத்தை யாரும் சொல்லவில்லை. அம்மா போனதும் மாமா ஏன் கூப்பிடுகிறார், அப்பா ஏன் தடுக்கவில்லை என்று அந்தப் பிள்ளை விழித்துக்கொண்டு நின்றது. கல்லூரிக்குப் போகிற பெண். கண்மாய்க்குள் மண்ணைக் கிளப்பிக்கொண்டு அது பைக் ஓட்டுவதைப் பார்த்து ஊர் வாயைப் பிளந்தபோது, "பிளந்தா ஈதான் போகும்" என்று நீங்கள் சொன்ன பிள்ளை. அப்பனும் இல்லை, பைக்கும் இல்லை என்றால் அதற்கு என்ன மிச்சம்?

நேற்று காலையில் பைக்கை விற்கக் கிளம்பினோம். வாடிப்பட்டியில் ஆள் பார்த்திருந்தேன். அண்ணன் அதைப் பார்க்க முடியாமல் முன்னாடியே டியூட்டிக்குப் போய்விட்டான். பலகை வைத்து நானும் கயலும் பைக்கைப் பிக்கப்பில் ஏற்றி, முன்சக்கரத்தை வலது பக்க மூலையில் முட்ட வைத்தோம். ஹேண்டில் பாரிலிருந்து இரண்டு பக்கமும் நைலான் பட்டை போட்டு, கயல் அதன் லிவரைத் தள்ளித் தள்ளி இறுக்கினாள். பைக்கின் முன்பக்கம் மெல்லக் கீழே இறங்கியது.

"போதும்மா" என்றேன்.

"சித்தப்பா, முன் ஷாக் அப்சார்பரு பாதி அமுங்கணும். அப்பத்தான் ஆடாம நிக்கும்."

"எத்தன காளைய ஏத்தி எறக்கிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

ஒவ்வொரு தடவையும் நாங்கள் போடும் அதே சண்டை. உங்களுக்குத்தான் தெரியுமே. காளையை ஏற்றினால் மூக்கணாங்கயிற்றை இரண்டு பக்கமும் கட்டி, கொஞ்சம் விட்டுக் கட்டுவோம். வண்டி ஆடும்போது மாடு தன் காலில் தானே நிற்கும். இறுக்கிக் கட்டினால் முன்னங்கால் மடங்கிவிடும், அது பாவம். பைக்கின் முன்பக்கம் அப்படி அமுங்குவதைப் பார்த்தால் எனக்கு மாடு மண்டி போடுகிற மாதிரியே இருக்கும். மனசு கேட்காது. கயல் அந்தப் பக்கம் திரும்பியதும் பட்டையைக் கொஞ்சம் தளர்த்திவிடுவேன். நேற்றும் தளர்த்தினேன். இரும்புக்கு என்ன வலி என்று ஒரு நாளும் யோசித்ததில்லை.

பரவை தாண்டி ஒரு வேகத்தடை. டமார் என்று சத்தம். வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஓடிப் பார்த்தால் பைக் சரிந்து கிடக்கிறது. பட்டையின் லிவர் வளைந்துவிட்டது.

"இத்தன ரேஸுக்குப் போயிருக்கோம், இப்படி ஒருநாளும் விழுந்ததில்லையே சித்தப்பா" என்றாள் கயல்.

எனக்கும் அதுதான் புரியவில்லை. அதே பைக், அதே பட்டை, அதே கட்டு. என்ன மாறியது?

பட்டை இனி இறுகாது. கயலுக்கு லைசென்ஸ் இருக்கிறது, அவளை ஓட்டச் சொல்லிவிட்டு நான் பின்னால் ஏறினேன். இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். கேபினுக்கு முதுகைக் கொடுத்து, மடித்த சாக்கின் மேல், பைக்குக்குப் பக்கத்தில் காலை நீட்டி. உங்கள் இடம்.

மதினி, வண்டி நகர்ந்ததும் பைக் என் மேல் சாய்ந்தது. கையால் பிடித்தால் நிற்கவில்லை. இடது காலை மடக்கி முட்டுக் கொடுத்த பிறகுதான் நின்றது. ஒவ்வொரு பள்ளத்துக்கும் அதன் ஃபுட்ரெஸ்ட் வந்து கெண்டைக்காலில் இறங்கியது. சேற்றில் பூட்ஸ் வழுக்கக் கூடாது என்று அந்த ஃபுட்ரெஸ்டில் பல்லுப் பல்லாக வைத்திருப்பார்களே, அந்தப் பல். சமயநல்லூர் வருவதற்குள் இரண்டு தடவை "ஆத்தா" என்று கத்திவிட்டேன்.

வாடிப்பட்டியில் நொண்டிக்கொண்டு இறங்கி, கைலியைத் தூக்கிக் காலைப் பார்த்தேன்.

வரிசையாகப் புள்ளி புள்ளியாய்த் தடம்.

எனக்குக் காது அடைத்துவிட்டது. ரோட்டில் போன பஸ் லாரி ஒன்றும் கேட்கவில்லை. பைக்கை வாங்க வந்தவர் ஏதோ கேட்கிறார், வாய் அசைவதுதான் தெரிகிறது. செல்விக்கு வீடியோ கால் போட்டு, ஒன்றும் சொல்லாமல் காலைக் காட்டினேன்.

"ஐயோ!" என்றாள். கையிலிருந்த பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. "இதேதாங்க. அக்கா கால்ல இருந்தது இதே தடந்தாங்க. பெல்ட்டடி இல்லங்க அது. மாமா அடிக்கல!"

பக்கத்தில் நின்ற கயல் எல்லாவற்றையும் கேட்டுவிட்டாள். "யாரச் சொன்னாங்க? அப்பாவயா? அப்பா அம்மாவ அடிச்சாங்கன்னா சொன்னாங்க?" என்று கேட்டவள் அப்படியே சக்கரத்தோரம் உட்கார்ந்துவிட்டாள். அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு இருந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "நீங்க வண்டிக்குப் பாவம் பாத்தீங்க சித்தப்பா. பாரம் பூராம் அம்மா கால்ல எறங்கிருக்கு."

அந்தச் சொல் எனக்குள் எங்கே போய் இறங்கியது என்று எழுதத் தெரியவில்லை மதினி. அத்தனை பயணத்திலும் அந்த பைக்கைப் பிடித்து நிறுத்தியது என் கட்டு இல்லை. நீங்கள். காத்தாட வாரேன் என்றீர்களே, எத்தனை தடவை உங்களைக் கேலி செய்தேன்! சேலையில் சாணி பட்டதற்குத் தெருவையே கூட்டினீர்கள். காலில் இரும்பு இறங்கியதை ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை? சொன்னால் பிள்ளைக்கு முன்னால் நான் கூனிக் குறுகுவேன் என்றா? பைக்கே வேண்டாம் என்று அண்ணன் சொல்லிவிடுவான் என்றா? ஒருமுறை திட்டியிருக்கலாமே. நீங்கள் திட்டி நான் கோபித்த நாள் உண்டா?

பைக்கை விற்கவில்லை. சோழவந்தான் வழியாக நேரே செக்கானூரணிக்கு விடச் சொன்னேன். மறுபடியும் நான்தான் பின்னால். உங்கள் அண்ணன் வாசலில் நின்றார். கைலியைத் தூக்கிக் காட்டினேன். அவர் சம்சாரம் ஓடி வந்து குனிந்து பார்த்து, "அதேதான்... அதேதான்" என்று வாயைப் பொத்திக்கொண்டார். நடந்ததை எல்லாம் சொன்னேன்.

"கட்டுனது யாரு?" என்றார்.

"நான்தான் மச்சான்."

அறைவார் என்று நின்றேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் செருப்பைக் கழற்றிவிட்டுப் பிக்கப்பில் ஏறினார். அந்தச் சாக்கைத் தடவிப் பார்த்தார். அதன் மேல் உட்கார்ந்து, வேட்டியை மடித்து, இடது காலை பைக்குக்கு முட்டுக் கொடுத்தார்.

"வண்டிய எடுங்க மாப்ள. மெதுவாப் போக வேணாம்."

விளாங்குடி வரைக்கும் கண்ணாடியில் அவரைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒரு பள்ளத்துக்கும் அவர் காலை எடுக்கவில்லை.

அண்ணன் டியூட்டி முடிந்து வந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றான். பெண்ணைக் கூட்டிப் போகத்தான் ஆள் வந்துவிட்டது என்று நினைத்துவிட்டான் போல. "அவ துணிய எல்லாம் எடுத்து வைக்கச் சொல்றேன் மச்சான்" என்றான். மச்சான் அவன் முன்னால் வந்து நின்று, வேட்டியை விலக்கித் தன் காலைக் காட்டினார். ரத்தம் கட்டியிருந்தது. அண்ணனுக்கு முதலில் விளங்கவில்லை. கயல் ஓடிப்போய் அவன் காதில் சொன்னாள். அவன் அப்படியே குனிந்து, மச்சான் காலில் இருந்த அந்தப் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தான். நீங்கள் போனதிலிருந்து அழாத ஆள், நேற்றுத்தான் மதினி வாய்விட்டு அழுதான். "வலிக்கும்ல மச்சான், அவளுக்கு வலிச்சிருக்கும்ல" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டான். மச்சான் அவன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

கயல் எங்கேயும் போகவில்லை. பைக்கும் போகவில்லை. முப்பதுக்கு உங்கள் அண்ணன் வீடு மொத்தமும் இங்கேதான் வருகிறது. பெல்ட்டை அண்ணன் பரணிலிருந்து எடுத்துப் போட்டுக்கொண்டான்; புதிதாய் ஓட்டை போட வேண்டியிருந்தது.

இன்று காலையில் புதுப் பட்டை வாங்கி வந்தேன். கயல் சொல்லச் சொல்ல நானே லிவரைத் தள்ளினேன். முன் ஷாக் பாதி அமுங்கும் வரைக்கும் தள்ளினேன். பின்சக்கரத்துக்கும் ஒரு கட்டு. இரண்டு பேரும் சேர்ந்து பிடித்து உலுக்கினோம். பைக் அசைந்தால் வண்டியே சேர்ந்து அசைந்தது. இத்தனை சுலபம் மதினி. இத்தனை சுலபமான ஒன்று.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். இனி என் வண்டியில் ஏறும் பைக்கை நிறுத்தி வைக்க எந்த மனுசரின் காலும் வேண்டியதில்லை. அந்தச் சாக்கை மட்டும் எடுக்க எனக்கு மனசு வரவில்லை, அது அங்கேயே மடித்துக் கிடக்கட்டும். காளையை இறக்கிவிட்டு வந்த உடனே, வீட்டுக்குள் கால் வைப்பதற்கு முன்னால், அந்த இடத்தைக் கழுவிவிடுகிறேன். சேலையில் சாணி படாது, மதினி.

கட்டத் தெரியாமல் கட்டி உங்களைச் சுமக்க வைத்த,
உங்கள் கொழுந்தன்
பாண்டி