ஒரே சுவரில் இரண்டு அலமாரிகள்

மார்ச் 3, திங்கள்

புது அலமாரியை மாட்டியாகிவிட்டது. சமையலறையில், அடுப்புக்கு இடதுபுறம் இருக்கும் நீளச் சுவரில். நானே துளை போட்டேன், நானே திருகினேன். இவர் அடியில் தாங்கிப் பிடித்துக்கொண்டு, "ஆள் யாரையாவது கூப்பிடலாமே" என்று முனகிக்கொண்டே இருந்தார். எதற்கு ஆள்? கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள் நான். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு அலறுகிறவர்களுக்குப் பக்கத்தில் நாள் முழுக்க உட்காருகிறேன். ஓர் அலமாரியா என்னை மிரட்டும்?

தட்டு, குக்கர், பருப்பு டப்பா எல்லாம் ஏற்றிவிட்டேன். கம்பீரமாக இருக்கிறது.

மார்ச் 4

விழுந்துவிட்டது.

மார்ச் 5

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை. உடைந்த தட்டுகளைப் பொறுக்கி முடிக்கவே நடுராத்திரி ஆகிவிட்டது.

மகள் தண்ணீர் குடித்துவிட்டு டம்ளரும் கையுமாகக் கூடத்துக்குப் போனாள். அவள் போனதும் இடி விழுந்த மாதிரி சத்தம். அலமாரி குப்புறக் கிடந்தது, அடியில் அத்தனை தட்டும் தூள். இன்னும் இரண்டு வாய் தண்ணீர் குடித்திருந்தால் — வேண்டாம், அதை எழுத வேண்டாம்.

தூசி அடங்கும் முன்பே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல். "யாருக்காவது அடிபட்டுச்சா?"

என் ஓரகத்தி. இவருடைய அண்ணன் மனைவி. மாமனார் போனபிறகு வீட்டை இரண்டாக்கி நடுவில் எழுப்பிய சுவர்தான் இது. அதற்கு முன் ஒரே சமையலறை. "வேலைக்குப் போறவங்களுக்குப் பாத்திரம் தேய்க்கக் கை வளையாது" என்று ஒருநாள் சொன்னாள். நான் சும்மா இருப்பேனா? பதிலுக்கு நானும் நன்றாகவே கொடுத்தேன். அதோடு பேச்சு நின்றது. அண்ணனும் தம்பியும் வாசலில் நின்று அரட்டை அடிப்பார்கள். நாங்கள் இருவரும் எதிரே வந்தால்கூட முகத்தைத் திருப்பிக்கொள்வோம்.

"இல்ல" என்றேன். இரண்டு வருஷத்தில் அந்த ஒரு வார்த்தைதான்.

மார்ச் 6

பெயர்ந்த இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓட்டைச் செங்கல்! வெளியே விரல் கனத்துக்கு ஓர் ஓடு, உள்ளே வெறும் பொந்து. என் திருகாணிகள் காற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கின்றன, பாவம்.

ஹார்டுவேர் கடைக்காரரிடம் போட்டோவைக் காட்டினேன்.

"வலைக்குழாய் செருகி உள்ள பசை ஏத்துனா நல்லா நிக்கும்மா. ஆனா கல்லு முழுசா இருக்கணும். நீங்க வரிசையா உடைச்சு வச்சிருக்கீங்களே."

"வேற வழியே இல்லையா?"

"நீள போல்ட்டுதான். சுவத்துல ஊடால துளைச்சு, ரெண்டு பக்கமும் இரும்புப் பட்டை வச்சு நட்டு முறுக்கணும். அப்புறம் அது எங்க போகும்? அந்தப் பக்கமும் உங்க ரூம்தானே?"

ஆமாம் என்று சொல்ல ஆசையாக இருந்தது. மற்ற சுவர்களில் ஜன்னலும் கதவும்தான் இருக்கின்றன.

மார்ச் 7

"அண்ணன்கிட்ட நான் சொல்லிப் பாக்கறேன்" என்கிறார் இவர். தேவையில்லை. நாளைக்கு நானே போகிறேன்.

மார்ச் 8, சனி

போனேன். கதவைத் திறந்தவள் 'வா' என்றும் சொல்லவில்லை, 'போ' என்றும் சொல்லவில்லை. நேராக விஷயத்துக்கு வந்தேன்.

"என் சுவத்துல ஓட்டை போடணுமா?"

"ரெண்டு பேர் சுவருதானேக்கா."

அக்கா என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அவளும் கவனித்தாள்.

உள்ளே கூட்டிப்போனாள். பாத்திரம் முழுக்கத் தரையில். சுவரில் மூன்று இடத்தில் சிமெண்ட் பூசிய தழும்பு.

"எனக்கும் விழுந்துச்சு. போன வருஷம். நீ வேலைக்குப் போயிருந்த."

இதைச் சொல்லிக்கொண்டே ஒரு சட்டியை எடுக்கக் குனிந்தாள். ஒரு கையை முட்டியில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு. ஒரு வருஷமாக ஒவ்வொரு வேளைச் சமையலுக்கும் இப்படியா குனிந்தாள்? அடுப்புக்கு அடுப்பு ஐந்தடி தூரம். எனக்குத் தெரியவே இல்லையே.

"அக்கா, உங்க பக்கம் வெறும் பட்டை எதுக்கு? அதே போல்ட்டுல உங்க அலமாரியையும் மாட்டிடலாம்."

"உன்னது விழும்போது என்னதையும் இழுத்துக்கிட்டு விழவா?"

"விழாதுக்கா."

"போன தடவையும் இதைத்தானே சொல்லியிருப்ப?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. ஆனால் டீ போட்டாள்.

மார்ச் 10

உயரத்துக்குச் சண்டை. போல்ட் ஒன்றே என்றால் இரண்டு அலமாரிக்கும் ஒரே உயரம்தான். நான் நெட்டை, அவள் குட்டை.

"என்னால ஸ்டூல் போட்டு ஏற முடியாது."

"தினம் கூனிக்கிட்டு நின்னா என் முதுகு என்னாகறது?"

அண்ணனும் தம்பியும் அளவு டேப்பின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றார்கள். புத்திசாலிகள்.

கடைசியில், "சரி, உங்க உயரத்துக்கே வைங்க" என்றேன்.

"எனக்கு விட்டுக்கொடுக்கறியாக்கும்?"

"குனியறதுக்கு எனக்கு முட்டி இருக்கு. உங்களுக்கு எங்க இருக்கு?"

சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். கோபமா, சிரிப்பா? தெரியவில்லை.

மார்ச் 16, ஞாயிறு

இன்று மாட்டினோம். டிரில்லிங் மிஷினில் இடிக்கிற விசையை அணைத்துவிட்டு, பொறுமையாக, சுற்றவிட்டு மட்டும் துளைத்தேன். இல்லையென்றால் ஓட்டைச் செங்கல் நொறுங்கிவிடும். முனை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்ததும் "வந்துருச்சு! வந்துருச்சு!" என்று அங்கிருந்து அக்காவின் கூச்சல். போல்ட்டை நான் செருகினேன், அவள் பட்டையை வைத்து நட்டைப் போட்டாள்.

"முறுக்குங்க."

"முறுக்கிட்டேன்."

"இன்னும் கொஞ்சம்... போதும், போதும்! கல்லு நசுங்கிடும்."

பிறகு பட்டையைப் பிடித்து நான் முழுசாகத் தொங்கினேன். இம்மிகூட அசையவில்லை. அலமாரிகளை மாட்டி, இரண்டிலும் அரிசி மூட்டை ஏற்றியிருக்கிறோம். விடியும்வரை மகளுக்குச் சமையலறைப் பக்கம் தடை.

மார்ச் 17

அப்படியே நிற்கிறது. எனக்குத் தெரியும்.

ஏப்ரல் 2

அலமாரியில் தலையை இடித்துக்கொண்டேன். மறுபடியும்.

ஜூன் 21

காலையில் சர்க்கரை தீர்ந்திருந்தது. அக்கா வீட்டில் இல்லை, கடைக்குப் போயிருந்தாள். பின்கதவு வெறுமனே சாத்தியிருந்தது. உள்ளே போய் அவள் அலமாரியைத் திறந்து சர்க்கரை எடுத்துவந்து, டீ போட்டுக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டேன். சொல்லவேண்டும் என்று தோன்றவே இல்லை.

சாயங்காலம் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வந்தது: "எடுத்ததுதான் எடுத்த, டப்பாவை ஒழுங்கா மூடத் தெரியாதா உனக்கு?"

"தெரியாதுக்கா!" என்று கத்தினேன்.