அண்ணனுக்கு இல்லையாம், உனக்கு?

அன்பு மகள் வாயாடிக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அண்ணனும் அண்ணியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அப்படியே இருக்கவேண்டும் என்பதுதான் கண் விழித்ததும் என் முதல் வேண்டுதல்.

போன மாதம் அண்ணன் கையிலிருந்து டீக் கோப்பை நழுவி விழுந்தது. அண்ணி சிரித்துக்கொண்டே துடைத்தாள், நான் அவன் விரல்களைப் பிடித்துப் பார்த்தேன். அப்பாவுக்கும் நடுக்கம் இப்படித்தானே ஆரம்பித்தது, கடைசியில் சட்டைப் பொத்தானைக்கூட நான்தானே போட்டுவிட்டேன். அந்தப் பழுதான மரபணு பிள்ளைகளுக்கும் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து உங்கள் இரண்டு பேர் கையையும் பார்த்துக்கொண்டேதான் சோறு போட்டேன். "சும்மா வழுக்கிடுச்சும்மா" என்றான் அண்ணன், நான் ஒற்றைக்காலில் நின்று ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். நேற்று முடிவு வந்தது, அவனுக்கு இல்லையாம். போனில் சொன்னதும் நீ ஓவென்று அழுதாய். "நீ பார்த்துக்கிட்டியாடி?" என்று நான் கேட்டதும் உன் ஆராய்ச்சிக்கூடத்து எலிக் கதைக்குத் தாவிவிட்டாய். அப்பாவுக்கு இருந்த அதே பழுதை எலியின் கருமுட்டையிலேயே புகுத்திவிட்டீர்களாம், குடிதண்ணீரில் மருந்து கலந்தால் அந்தப் பழுது வேலை செய்யுமாம், நிறுத்தினால் அடங்குமாம், மூளையில் அது விழித்திருக்கும் இடமெல்லாம் நுண்ணோக்கியில் பச்சையாக மினுங்குமாம். "நடுங்கிட்டிருந்த எலி, மருந்தை நிறுத்தினதும் கம்பி மேல நேரா நடந்துச்சும்மா" என்றாய். கேட்கச் சந்தோஷம்தான். மனுஷிக்குள் இருப்பதை அடக்க எந்தத் தண்ணீரை நிறுத்துவது என்று கேட்க வாய்வரை வந்தது, பயத்தில் விழுங்கிக்கொண்டேன்.

கேட்டதற்குப் பதில் சொல்லாதவளா நீ, ஒன்றுக்கு ஒன்பது சொல்லுவாயே. கொஞ்ச நாளாக வீடியோவிலும் வருவதில்லை, கேமரா கெட்டுவிட்டது என்கிறாய். கேமராதான் கெட்டிருக்கவேண்டும் என்று நானும் வேண்டாத தெய்வமில்லை. முடிவு தெரிந்திருந்தால் தனியாகச் சுமக்காதே கண்ணு. நான் அழுவேன், உன்னை நாலு திட்டுத் திட்டுவேன், பிறகு பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து நிற்பேன், அவ்வளவுதான்.

நேரத்துக்குச் சாப்பிடு, எலி கடித்தால் அலட்சியமாக விடாதே. எந்தத் தீங்கும் உன்னை அண்டாமல், உன் படிப்பு உனக்கே துணையாக நிற்கட்டும். மறந்துவிடாதே, இதற்குப் பதில் போனில் வேண்டாம், தட்டச்சிலும் வேண்டாம். உன் கையால் நாலு வரி எழுதி அனுப்பு. எழுத்து கோணலாக இருந்தாலும் பரவாயில்லை, நான் பார்க்கவேண்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா