நுரை பூசிய முகங்களுக்கு முன்னால்

அன்புள்ள பெரியவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே அம்மா, தங்கை, நான் மூவரும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுத் தெம்பாக இருப்பாய் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய போட்டோவில் ஒரு காதோரம் முடி ஏறிக் கிடக்கிறது, அங்கே எவன் வெட்டுகிறான்? உடனே ஆளை மாற்று, சலூன்காரன் பிள்ளை இப்படி இருந்தால் எனக்குத்தான் அவமானம்.

முக்கிய சேதி உன் தங்கையைப் பற்றித்தான். வீட்டில் வாய் ஓயாதவள், ஆங்கில வகுப்பில் எழுந்து நின்றால் மட்டும் உள்ளங்கை வியர்த்து நாக்கு ஒட்டிக்கொள்கிறதாம். போன தடவை பேச்சுத் தேர்வன்று வயிற்றுவலி என்று படுத்துவிட்டாள், டாக்டர் பார்த்துவிட்டு வயித்துல ஒண்ணுமில்ல, பயம்தான் என்றார். இந்தத் தடவையும் பேசாவிட்டால் மறுபடி ஒன்பதாம் வகுப்புதான் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். அம்மா அழுதாள், நான் கத்தினேன், இரண்டாலும் பைசா பிரயோஜனமில்லை. அப்புறம்தான் புத்தி வந்து, என்னம்மா பயம் என்று கேட்டேன். தப்பா பேசினா எல்லாரும் சிரிப்பாங்கப்பா என்றாள். கடைக்கு வா, முகமெல்லாம் நுரையும் தாடையில் கத்தியுமா இருக்கிறவன் எவன் சிரிக்கிறான்னு பார்க்கலாம் என்றேன். பத்து நாள் பள்ளி விட்டதும் வந்து, நாற்காலியில் இருப்பவர்களைப் பார்த்துத் தேர்வுக்கான ஆங்கிலப் பேச்சைச் சொல்லிப் பழகினாள். லாரி டிரைவர் மட்டும் கண்ணாலேயே சிரித்தார், அதைப் பார்த்து இவளும் சிரித்துவிட்டாள். தபால்காரர் சவரம் முடிந்தும் எழுந்திருக்காமல், மிச்சத்தையும் சொல்லும்மா என்று உட்கார்ந்துவிட்டார், காத்திருந்தவர்களிடம் நான்தான் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நேற்றுத் தேர்வு. கடையைப் பூட்டிவிட்டு வகுப்பு ஜன்னலோரம் போய் நின்றேன். நாலு வரி ஓடியது, ஐந்தாவதில் மொத்தமும் மறந்து நின்றுவிட்டாள், பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் டீச்சரைப் பார்த்து ஏதோ சொன்னாள், எனக்குத்தான் ஆங்கிலம் தெரியாதே. டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார். மூச்சை நன்றாக இழுத்துவிட்டவள் மிச்சத்தையும் சொல்லி முடித்துத் தேறிவிட்டாள். என்ன சொன்னாய் என்று வெளியே வந்ததும் கேட்டேன். எனக்குப் பயமா இருக்கு, ஒரு நிமிஷம் குடுங்க, சொல்லிடறேன்னு இங்கிலீஷ்லயே கேட்டேம்பா என்றாள். மனப்பாடம் பண்ணாமல் அவள் சொந்தமாகப் பேசிய முதல் ஆங்கிலம் அதுதானாம். வீடு வரும்வரை அதையே திரும்பத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்தேன்.

நினைத்ததெல்லாம் கைகூடி, மனம் நோகாமல் நன்றாக இரு. ஞாயிற்றுக்கிழமை போனில் உன்னோடு ஆங்கிலத்தில்தான் பேசப்போகிறாளாம். தப்பு வரும், அவள் முடிக்கும்வரை குறுக்கே பேசாதே. ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் நான் பக்கத்திலேயே உட்கார்ந்து கடைசிவரை கேட்கப்போகிறேன்.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்
அப்பா