வலக்கைக்குப் பதினாறு கட்டம்

2004 ஆனி 6, ஞாயிறு

கச்சான் காற்று. காயப்போட்ட உடுப்பெல்லாம் அரை மணித்தியாலத்தில் புழுதி நிறம். திரும்ப அலசல்.

பின்னேரம் நசீர் நானா வந்தார், முல்லைத்தீவிலிருந்து மோட்டார்சைக்கிளில். பெயர் கேட்டிருக்கிறேன், ஆளை இன்றுதான் பார்த்தேன். பள்ளிக்கூட நாளில் என் கணவரும் அவரும் ஒரே இசைக்குழு. இவர் டோலக், நானா கீபோர்ட். முஸ்லிம் சனம் எல்லாரையும் போகச் சொன்ன தொண்ணூறில் நானாவும் குடும்பத்தோடு வெளிக்கிட வேண்டி வந்தது. புத்தளத்தில் பதினாலு வருடம். இப்போதுதான் திரும்பி வந்து கடை போட்டிருக்கிறார்.

இவருடைய வலக்கை போன கதையை நானாவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. வாசலில் நின்று வலக்கையை நீட்டினார். இவர் இடக்கையைக் கொடுத்தார். கதிரையில் இருந்த பிறகும் நானா அந்தக் கையை விடவில்லை.

"மிதிவெடியோ மச்சான்?"

"ஓம். போன வருசம் மாசி. வேலி கட்டப் போன இடத்தில."

வேலி கட்டச் சொன்னது நான். அதை இவர் சொல்லவில்லை. இன்றுவரை யாருக்கும் சொன்னதில்லை.

27ஆம் திகதி உருத்திரபுரத்தில் ஒரு கலியாண வரவேற்பு, நானாவின் கச்சேரி. "நீயும் வா சிவம். இடக்கை இருக்குத்தானே."

"ஒரு கையால அடிச்சால் டோலக் இல்லையடா அது. கதவு தட்டுறது."

இரண்டு பேரும் சிரித்தார்கள். தேத்தண்ணி ஆறிப்போயிற்று.

ஆனி 8, செவ்வாய்

என் கம்பியூட்டர் வகுப்பில் பிரின்டர் ரிப்பன் முடிந்தது. ஜெனரேற்றருக்கு டீசல் மத்தியானம்தான் வந்தது.

நானா ஒரு சீடி விட்டுப் போயிருந்தார். கொழும்பில் வாங்கியதாம், கம்பியூட்டரில் மேளம் அடிக்கிற புரோகிராம். மத்தியானம் போட்டுப் பார்த்தேன். திரையில் வரிசையாகப் பதினாறு கட்டம். ஒரு கட்டத்தை அழுத்தினால் நிறம் மாறும். வெளிச்சம் இடமிருந்து வலமாக ஓடி, நிறம் மாறிய கட்டத்துக்கு வரும்போது ஒரு அடி. முடிந்ததும் திரும்ப முதற்கட்டம். அவ்வளவுதான் வித்தை. சத்தம் எல்லாம் வெளிநாட்டு டிரம்.

நான் புரோகிராம் எழுதப் படிப்பிக்கிறவள். இதை எழுத ஏலாதா?

இவருடைய இடக்கை டோலக்கின் பெரிய பக்கத்தை அடிக்கட்டும். வலப்பக்கத்து அடியைக் கம்பியூட்டர் போடட்டும்.

தேவை:
– டோலக் வலப்பக்கத்து அடிகள், தனித்தனியாகப் பதிந்து
– சத்தம் இல்லாத இடம்
– இவர் ஓம் என்று சொல்வது

ஆனி 10, வியாழன்

நான் எழுதிய கட்டங்கள் ஓடுகின்றன. ஆனால் நொண்டுகின்றன. டைமர் ஒருமுறை முந்துகிறது, ஒருமுறை பிந்துகிறது. டைமரை நம்பாமல் கம்பியூட்டரின் உள் மணிக்கூட்டையே விடாமல் பார்க்கச் செய்தேன். நொண்டல் நின்றது! வகுப்பில் தனியாகக் கைதட்டினேன்.

இரவுச் சாப்பாட்டில் இவரிடம் சொன்னேன். பிட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"வலப்பக்கம் ஆர் அடிச்சுப் பதியிறது?"

"நான். நீங்கள் சொல்லித் தாங்கோ."

ஓம் என்று சொல்லவில்லை. அலுமாரிக்கு மேலிருந்து டோலக்கை இறக்கித் தரச் சொன்னார். பல்லி முட்டை இரண்டு.

ஆனி 13, ஞாயிறு

வகுப்புக்குப் பின்னால் நெல் களஞ்சியம். சுற்றிவர மூட்டை, வெளிச் சத்தம் ஒன்றும் உள்ளே வராது. பற்றரியில் ஓடும் டேப் ரெக்கோடர். வேர்வை. நெல்லுச் சுணை, உடம்பெல்லாம் கடி.

மூன்று விதமான அடி. நடுவில் திறந்த அடி, விளிம்பில் கூர்மையான அடி, விரல் நுனியால் சின்னத் தட்டு. இருபது, முப்பது தரம் அடித்தேன். ஒன்றும் சரியில்லையாம்.

"பயந்து பயந்து அடிக்கிறாய்."

"எனக்குப் பழக்கமில்லைத்தானே."

"அதில்லை." ரெக்கோடரை நிற்பாட்டினார். "வேலிப்பக்கம் போகச் சொன்னது நீ. போனது நான். போகாமல் விட்டிருக்கலாம், போனன். பதினாறு மாசமா நீ என்னைப் பாக்கேக்க எல்லாம் அந்த வேலியைத்தான் பாக்கிறாய். காணும், சாந்தி, விடு. இப்ப அடி."

மூட்டையில் சாய்ந்து அழுதேன். இவர் காத்திருந்தார். பிறகு அடித்தேன். ஏழாவது தரம் தலையாட்டினார்.

உள்ளங்கை வீங்கிப் போயிற்று. நல்லெண்ணெய் தடவியிருக்கிறேன். எழுத்து கோணலாக வருகிறது.

ஆனி 16, புதன்

என் அடி கட்டங்களில் ஏறிவிட்டது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. பின்னேரம் வகுப்பு முடிய இவர் டோலக்கோடு வந்தார். துண்டான கையை வழக்கம்போல நீளக் கைச் சட்டைக்குள் மறைத்தபடி.

நாலு சுற்று சேர்ந்து போனது. ஐந்தாவதில் பிரிந்தது. பிறகும் பிரிந்தது. எழுந்துவிட்டார்.

"நான் கொஞ்சம் இழுத்தால் என்ர வலக்கை தானா இழுக்கும். இது கேக்காது. தன்ர பாட்டில ஓடுது. நான் இதுக்குப் பின்னால ஓட வேண்டிக்கிடக்கு."

டோலக்கை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனார்.

எனக்கும் கோபம். எட்டு நாள் வேலை. பிறகு அவர் சொன்னதைக் கொப்பியில் சொல்லுக்குச் சொல் எழுதினேன். வாசித்துப் பார்த்தால், நான் செய்யவேண்டிய வேலை அப்படியே அதில் இருக்கிறது.

ஆனி 19, சனி

கம்பியூட்டரின் பழைய விசைப்பலகை ஒன்று, எழுத்தெல்லாம் தேய்ந்தது. அதை நிலத்தில் வைத்து, நீள விசைக்கு மேல் ஒரு பலகைத் துண்டு கட்டினேன். ஒவ்வொரு தாளத்துக்கும் இவர் காலால் மிதிக்க வேண்டும். இரண்டு மிதிக்கு இடையில் எவ்வளவு நேரம் என்று புரோகிராம் பார்த்து, அடுத்த நாலு கட்டத்தை அதற்குள் அடக்கும். மெதுவாக மிதித்தால் மெதுவாக. மிதிக்காவிட்டால் நிற்கும்.

இவரை வரச் சொல்ல வாய் வரவில்லை. நசீர் நானாவுக்குச் சொல்லி அனுப்பினேன். அவர் வந்து, "மச்சான், உன்ர பெண்சாதி உன்னை வரச் சொல்லுறா" என்று கூட்டிக்கொண்டு வந்தார்.

செருப்பைக் கழற்றிவிட்டு மிதித்தார். வேகமாக. பிறகு வேண்டுமென்றே இழுத்து இழுத்து. திடீரென்று நிறுத்தி. அதுவும் நின்றது.

"கேக்குது," என்றார். என்னைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்துச் சொன்னார்.

ஆனி 24, வியாழன்

தினமும் ஒத்திகை. பிழை: முதல் மிதிக்கு அடி விழவில்லை (திருத்தியாயிற்று). விளிம்படி சத்தம் கூட (குறைத்தாயிற்று). கால் நோகுதாம் (ஒன்றும் செய்ய ஏலாது).

குசினியில் மண்ணெண்ணெய் இல்லை. விறகு.

ஆனி 27, ஞாயிறு

கம்பியூட்டர்த் திரையைத் தலையணைகளுக்கு நடுவில் வைத்து லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் உருத்திரபுரம். கம்பியூட்டர் பெட்டியை மடியில் கட்டிப் பிடித்தபடி நான். ஒவ்வொரு குழிக்கும் உயிர் போய் வந்தது.

நாலு மணிக்குத் தொடக்கம். முதற்பாட்டு சரி. இரண்டாவதில் பாடுகிற பெடிச்சி பயத்தில் பாட்டின் வேகத்தைக் கூட்டிவிட்டாள். இவருடைய கால் அவளோடு ஓடியது, கட்டங்களும் ஓடின. நானா இவரைப் பார்த்துக் கண்ணடித்தார். வேர்வையைத் துடைக்கக்கூட எனக்கு நினைவில்லை.

பிறகு மாப்பிள்ளையின் தகப்பன் எழும்பி வந்தார். வற்றாப்பளை அம்மன் பாட்டு ஒன்று வேண்டுமாம், அவர் தாய் பாடுகிற பாட்டு. நானா என்னைப் பார்த்தார். அது ஏழு எண்ணிக்கைத் தாளம். நான் எழுதியது பதினாறு கட்டம். ஏழு அதில் அடங்காது. எழுதும்போது அதை யோசிக்கவே இல்லை நான்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ ஐயா, இதில..." என்று தொடங்கினேன்.

"பாடச் சொல்லுங்கோ," என்றார் இவர்.

பலகையிலிருந்து காலை எடுத்தார். வலது சட்டைக்கையை முழங்கை வரை சுருட்டிவிட்டார். சனத்துக்கு முன்னால். பதினாறு மாதத்தில் வைத்தியரையும் என்னையும் தவிர யாரும் பார்க்காத கை. அந்த மணிக்கட்டு நுனியால் வலப்பக்கத்தில் அடித்தார். கூர்மை இல்லாத, பஞ்சு சுற்றியது போன்ற சத்தம். இடக்கை அதற்குப் பதில் சொன்னது. ஏழு, ஏழாக.

முன் வரிசையில் பெண்கள் சேர்ந்து பாடத் தொடங்கினார்கள்.

திரும்பி வரும்போது இவரிடம் நோகிறதா என்று கேட்டேன். "ஓம்" என்றார். கோபமா, சோர்வா, தெரியவில்லை.

ஆனி 28, திங்கள்

காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. விடியவே இவர் குளித்து, வெளிக்கிட்டு, டோலக்கோடு வாசலில். எனக்கு முன்னமே வகுப்புக்கு வந்துவிட்டார். ஜெனரேற்றர் போட முன்னம் பதிய வேண்டுமாம், அப்போதுதான் இரைச்சல் இருக்காதாம்.

"ஏழு கட்டமும் வர வேணும். அஞ்சும் வேணும். எத்தினை எண்டு நான் சொல்ல, அத்தினை வர வேணும்."

"ஓம், செய்யலாம்."

"நேற்று அடிச்ச அடியும் உள்ளுக்க வேணும். உன்ர மூண்டு அடியும் இருக்கட்டும். இது நாலாவது."

சட்டைக்கையைச் சுருட்டுகிறார். என் கதிரையில் அவர், நான் நின்றபடி எழுதுகிறேன். வெளியே எட்டு மணி வகுப்புப் பிள்ளைகள், ஒரே சளசளப்பு. ரெக்கோடரில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"பிள்ளையளைக் கொஞ்சம் பேசாமல் நிக்கச் சொல்லு, சாந்தி. நான் அடிக்கப் போறன்."