பதினாறு கிலோ

மார்ச் 4
அக்கா வயலில் இன்று விளைச்சல் கணக்கெடுப்பு. ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, உள்ளே இருந்த நெல்லை மட்டும் அரிவாளால் அறுத்து, அடித்து, நிறுத்தேன். பதினாறு கிலோ! வட்டாரத்திலேயே முதல் மார்க். "தம்பி ஆபீசராச்சேன்னு பயந்து விளைஞ்சிருக்கு," என்றாள் அக்கா. காயவைத்து மறுபடி நிறுக்க மூட்டையை அலுவலகத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

மார்ச் 9
வட்டாரத்துக்கே இரண்டு அறுப்பு மிஷின். ஒன்று பெல்ட் அறுந்து கொட்டகையில் கிடக்கிறது. மற்றதற்கான வரிசையில் அக்கா நாற்பத்தோராவது ஆள். கையால் அறுக்க ஆள் ஏது, எல்லாரும் நகரத்தில். டிரைவரிடம் கெஞ்சினேன். "ஒத்தை மிஷினை வெச்சுக்கிட்டு நான் எத்தனை பேருக்கு சார் ஓடுறது?" என்றார். நியாயம்தான்.

மார்ச் 15
மணி உதிர ஆரம்பித்துவிட்டது. அக்காவும் அத்தானும் அரிவாளோடு இறங்கிவிட்டார்கள். மூன்று ஏக்கருக்கு இரண்டு பேர்!

மார்ச் 18
மழை.

மார்ச் 23
விடவே இல்லை. நின்ற பயிர் படுத்துவிட்டது. அறுத்துப் போட்ட கட்டுகளும் முளைவிட்டுவிட்டன. இன்றைக்குப் பார்த்து மிஷின் வந்தது! சேற்றில் இறங்க முடியாமல் ஓரமாக நின்றுவிட்டுத் திரும்பிப் போனது. அக்கா அழவில்லை. அழுது தொலைத்திருக்கலாம்.

மார்ச் 27
படிவத்தில் எழுதிய பதினாறு கிலோவைத் திருத்தலாமா என்று மேலதிகாரியிடம் கேட்டேன். "விளைஞ்சுதா இல்லையாய்யா? அதைத்தானே கேட்டிருக்கு. வீடு வந்து சேர்ந்துச்சான்னு படிவத்துல எங்க கேட்டிருக்கு?"
கேட்கவில்லைதான். பதினெட்டு வருடமாக நிரப்புகிறேனே, ஒருநாளாவது கவனித்தேனா? மடையன்.

ஏப்ரல் 30
இன்னும் மூன்று மிஷின் வேண்டும் என்று நான் அனுப்பிய கோரிக்கை திரும்பி வந்துவிட்டது. 'விளைச்சல் சிறப்பாக இருப்பதால் கூடுதல் இயந்திரம் தேவையில்லை.' ஆதாரம்? என்னுடைய பதினாறு கிலோ. யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளும் என்பார்கள். நான் அக்கா தலையில் போட்டிருக்கிறேன்.

மே 2
அலுவலகத்தில் கிடந்த அந்த நெல் மூட்டையை அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்தேன். அந்த வயலிலிருந்து தேறியது அவ்வளவுதான். அவிழ்த்து, கையில் அள்ளிப் பார்த்தாள். "நல்லாத்தான்டா விளைஞ்சிருக்கு. இதை விதைக்கவா, ஆக்கித் திங்கவா?" என்றாள். அத்தான் எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஜூலை 11
அத்தான் நகரத்தில் காவலாளி வேலைக்குச் சேர்ந்துவிட்டார். அக்காவும் போய்விட்டாள். அவர்கள் வயலுக்கு நேராக 'தரிசு' என்று எழுதினேன். இந்த முறை படிவத்தில் இருப்பதும் வயலில் இருப்பதும் ஒன்றுதான்.