சைக்கிளில் ஐம்பத்து நான்கு

2025 ஜூலை 8

பகல் சோறு ஆறிப்போய்க் கிடந்தது. பின்னேரம் அஸர் பாங்கு சொன்ன பிறகுதான் இவர் வந்து சேர்ந்தார். நுரைச்சோலைக்கு வெங்காயம் வாங்கப் போன மனுசன். ஏத்தாளையில் கடை இல்லையா? இருக்கிறது. ஆனால் இங்கே வாங்கினால் காற்று கிடைக்காதே! போகும்போது எதிர்காற்றில் பாதி வழி சைக்கிளை உருட்டுவார். அங்கே கடை வாசலில் குந்திக்கொண்டு, சோளகக் காற்று நன்றாக எழும்பும்வரை பார்த்திருப்பார். எழும்பியதும் கரியரில் கட்டியிருக்கும் இரண்டு கம்புக்கு நடுவில் உரப்பையை விரித்துக் கட்டி, ஏறிக் குந்திவிடுவார். தீவுகளுக்கு வள்ளம் ஓடிய காலத்தில் பாய் விரித்த கை. வள்ளத்தை விற்றும் கை அடங்கவில்லை.

இன்று பொலிஸ் பிடித்துவிட்டதாம். வேகம் பிடிக்கிற மெசினில் ஐம்பத்து நான்கு. அந்த இடத்தில் ஐம்பதுதான் ஓடலாமாம். சாஜன்ட் மெசினை இரண்டு தரம் தட்டிப் பார்த்தாராம். லைசன் கேட்டால் இல்லை, வண்டி நம்பர் கேட்டால் இல்லை. அதனால் தண்டக் காசு எழுத வழியில்லாமல் புத்தளம் கோட்டுக்கு வரச்சொல்லி, வேகத்தையும் எழுதித் துண்டுக் கடுதாசி கொடுத்திருக்கிறார்.

நான் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். இவர் சிரித்துக்கொண்டு நின்றார். வெங்காயத்தை வழியில் எங்கேயோ கொட்டிவிட்டு வந்திருக்கிறார்.

ஜூலை 9

எனக்குக் கோபமா, பயமா? இரண்டும்தான். இரண்டு வருசத்துக்கு முன்னால் கொழும்பில் இவருடைய நெஞ்சைத் திறந்து தைத்தார்கள். அந்த ஆஸ்பத்திரி வாங்கில் குந்திக்கொண்டு நான் ஓதிய யாஸீனுக்குக் கணக்கில்லை. கடைசியில் டொக்டர், மெதுவாகச் சைக்கிள் ஓடலாம் என்றார். மெதுவாக என்றால் எவ்வளவு என்று நான் கேட்டேனா? இல்லை. மடச்சி.

ஜூலை 12

வீட்டுக்கு ஆட்கள் வந்த வண்ணம் இருக்கிறார்கள். துண்டைப் பார்க்க. இவர் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறார். வருகிறவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றுவது யார்? நான்தான்.

புத்தளத்தில் கட்டிக்கொடுத்த மகள் மபாஸா போனில் அழுதாள். இவர் போனை வாங்கி, "ஐம்பத்திநாலு மகள், பைசிக்கிள்ல" என்றார். அவள் இன்னும் அழுதாள். ஒப்பாரி வைக்கிறாளோ என்று கேட்டுப் பார்த்தால், சிரிக்கிறாள்! வாப்பாவுக்கேற்ற மகள்.

ஜூலை 15

இன்றும் சைக்கிள் டயரில் காற்றைத் திறந்துவிட்டேன். இன்றும் இவர் பம்பை எடுத்து அடித்துக்கொண்டார்.

ஜூலை 19

புத்தளம் போய்ச் சட்டத்தரணி வின்சன்ட் சேரைக் கண்டோம். சிலாபத்துக்காரர், நல்ல மனுசர். துண்டை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மறுபடியும் வாசித்தார். பயப்பட ஒன்றுமில்லை என்றார். வேகக் கட்டுப்பாடு மோட்டார் வாகனத்துக்குத்தானாம். சைக்கிள்காரனுக்கும் சட்டம் உண்டு. சிவப்பு லைட்டில் நிற்க வேண்டும், இருட்டினால் விளக்கு வேண்டும், இடது பக்கம் போக வேண்டும். ஆனால் இந்த ஐம்பது அவனைக் கட்டாதாம். ஒரு தவணையிலேயே விடுதலை எடுத்துத் தருகிறாராம்.

இவர் முகம் சுருங்கிப்போனது. "சேர், நான் குற்றவாளிதான். ஓடினன். ஐம்பத்திநாலு ஓடினன் எண்டு கோட்டுல எழுதித் தந்தாப் போதும்."

என் முகமும் சுருங்கிப்போனது. குற்றவாளி ஆக்கி, சைக்கிளைப் பறிமுதல் செய்ய முடியாதா என்று நான் கேட்டேன்.

தோற்பதற்கென்று புருசனும் பொஞ்சாதியும் சேர்ந்து வந்திருக்கிற வழக்கை வின்சன்ட் சேர் முன்னே பின்னே கண்டிருக்க மாட்டார். எழும்பிப் போய் யன்னலைத் திறந்து முகத்தைக் காற்றில் காட்டினார்.

ஜூலை 26

சாஜன்ட் சிவில் உடுப்பில் வந்தார். சிங்களத்தவர், தமிழ் நன்றாகக் கதைப்பார். மேலிடத்தில் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்கிறார்களாம். முன்னால் போன பஸ்ஸின் வேகம்தான் மெசினில் விழுந்தது என்று இவர் ஒரு வார்த்தை சொன்னால் வழக்கை அப்படியே கைவிட்டுவிடலாமாம். பெரியவருக்கும் அலைச்சல் மிச்சம்.

இவர் கதிரையைத் தள்ளிக்கொண்டு எழும்பினார். "ரோட்டுல பஸ் இருக்கல்ல மாத்தயா. நான் மட்டும்தான் இருந்தன். ஒங்கட மெசின் சரி." பொலிஸின் மெசினைப் பொலிஸிடமிருந்தே காப்பாற்றுகிற மனுசனை இன்றுதான் பார்த்தேன்.

போகும்போது சாஜன்ட் என்னைப் பார்த்து, அக்கா, நீங்களாவது சொல்லுங்கள் என்றார். நான் சொன்னேன். வழக்கைக் கைவிட்டால் நானே ஸ்டேசனுக்கு வருவேன் என்று.

ஆகஸ்ட் 3

ஊர்ப் பொடியன்களுக்கு விசயம் போய்ச் சேர்ந்துவிட்டது. சைக்கிளுக்கு வேகக் கட்டுப்பாடு இல்லையாம் என்று ரோட்டை அடைத்துக்கொண்டு ஓடுகிறார்கள். சோளகத்துக்கு எல்லாருடைய கரியரிலும் உரப்பை. ஒரு பொடியன் தாயின் கட்டில் விரிப்பைக் கட்டிக்கொண்டு போய் வாய்க்காலில் விழுந்தான். அவனுடைய உம்மா என்னிடம் வந்து சண்டை. விரிப்பு புதுசாம்.

ஆகஸ்ட் 14

இன்று கோட்டு நாள்.

முழுக்க எழுதவேண்டும், இல்லாவிட்டால் நித்திரை வராது.

குற்றவாளியா சுற்றவாளியா என்று கேட்டு முடிக்கும் முன்பே இவர் "குற்றவாளி" என்றார். வின்சன்ட் சேர் பதறி எழும்பி, சுற்றவாளி, குற்றம் செய்யாதவர் என்றார். இவர் திரும்பி, சேர் நீங்க குந்துங்க என்றார். நீதவான் அம்மா பேனையைக் கீழே வைத்தார். இல்லாத குற்றத்தை ஒப்புக்கொள்ள முடியாது என்றார். அப்படியானால் அந்த வேகத்தையாவது ஒருதரம் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள் என்று இவர் கெஞ்சினார். வேகக் கட்டுப்பாடு உங்களுக்குப் பொருந்தாது, ஆகவே வேகத்தை வாசிக்கத் தேவையில்லை என்று பதில் வந்தது.

அப்போதுதான் நான் எழும்பிவிட்டேன். யார் கூப்பிட்டது? யாரும் கூப்பிடவில்லை. கால் தானாக எழும்பியது. என்ன சொன்னேன் என்றுகூடச் சரியாக ஞாபகம் இல்லை. நெஞ்சைத் தைத்த மனுசன் அம்மா, நடு ரோட்டில் விழுந்து கிடந்தால் யார் தூக்குவது, மெதுவாகப் போகச்சொல்லி ஒரு கட்டளை போடுங்கள் என்றேன். மெதுவாக என்றால் எவ்வளவு என்று நீதவான் அம்மா கேட்டார். தெருத்தெருவாகப் பாண் விற்கிற ஓட்டோ ஊர்ந்து போகிற மாதிரி என்றேன். கோட்டில் இருந்த எல்லாரும் சிரித்தார்கள். சாஜன்ட்டும் தொப்பியைக் குனிந்து பார்த்துச் சிரித்தார்.

அப்படிக் கட்டளை போட இந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லையாம். விடுதலை. அடுத்த வழக்கைக் கூப்பிட்டார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் இவர் யன்னல் பக்கம் குந்தினார். பாலாவி உப்பளம் தாண்டும்போது, வெளியே பார்த்தபடியே சொன்னார். "ஒப்பரேசனுக்குப் பொறகு எல்லாரும் என்ன அடக்கப் போற மய்யித்தத் தூக்குற மாதிரித்தான் தொடுறீங்க. நீயும்தான் மபாஸாட உம்மா. நான் உசிரோட ஓடுறன் எண்டு செல்லினது அந்த மெசின் ஒண்டுதான்."

நான் அழுதேன். பஸ்ஸில், அத்தனை பேருக்கு முன்னால். வெட்கமாக இருந்தது, நிறுத்தவும் முடியவில்லை. உண்மைதானே. குளிக்கும்போது கதவுக்கு வெளியே நிற்கிறேன். தூங்கும்போது மூக்கில் விரல் வைத்துப் பார்க்கிறேன். ரோட்டைக் கடக்கக் கையைப் பிடிக்கிறேன். அவர் என் கையை உதறியதில்லை, அதுதான் இன்னும் சுடுகிறது.

ஆகஸ்ட் 15

துண்டைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார். சைக்கிளைத் தொடவில்லை. நான் கேட்டதும் இதைத்தானே?

ஆகஸ்ட் 22

இன்றும் தொடவில்லை. சோளகம் கூரைத் தகரத்தைத் தூக்கிப் போடுகிறது, இவர் கதிரையில் குந்திக்கொண்டு கூரையைப் பார்க்கிறார். இப்படி மெதுவாக இருக்கவா டொக்டர் சொன்னார்?

ஆகஸ்ட் 23

டயருக்கு நானே காற்றடித்தேன். குனிந்து குனிந்து நாரி பிடித்துக்கொண்டது.

ஆகஸ்ட் 24

வீட்டில் வெங்காயம் இல்லை என்றேன். பொய். இரண்டு கிலோ கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. நானும் வருகிறேன் என்றேன். கரியரில் நான் குந்தினால் உரப்பைக்கு இடமில்லை, என் பாரத்துக்கு வேகமும் வராது. அந்தக் கணக்கு எனக்கு. அவருக்குத் தெரியாமலா? தெரிந்தும் ஒன்றும் சொல்லாமல் கம்புகளைக் கழற்றினார்.

போகும்போது இரண்டு பேரும் உருட்டினோம். கடை வாசலில் குந்திக்கொண்டிருந்தோம். காற்று எழும்பியது. ஏறினேன். ஹபாயாவின் கீழ்ப்பக்கத்தைச் சில்லில் மாட்டாமல் சுருட்டிக் கையில் பிடித்துக்கொண்டேன். மேல்பக்கத்தை நான் நினைக்கவில்லை. முதுகிலும் கையிலும் காற்று புகுந்து நான் உப்பிக்கொண்டு எழும்பிவிட்டேன். இவர் மிதிப்பதை நிறுத்தியும் சைக்கிள் நிற்கவில்லை. ஒரு பொடியன் உரப்பையோடு போனான், அவனையும் தாண்டினோம். வேப்பமரத்தடியில் சாஜன்ட் நின்றார். எங்களைக் கண்டதும் மெசினை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

விழாமலிருக்க இவருடைய முதுகில் காதை வைத்து ஒட்டிக்கொண்டேன். நெஞ்சடிப்பு கேட்டது. திடம் திடமென்று, ஒரு தரம்கூடத் தடக்காமல்.

"பயமாக்கிதா மபாஸாட உம்மா? பிரேக் புடிக்கவா?"

"புடிச்சிப் பாருங்க, பொறகு இரிக்கி ஒங்களுக்கு."

வீட்டைத் தாண்டிப் பள்ளிவாசல் வரைக்கும் போய்விட்டோம். திரும்பி வர எதிர்காற்று. சைக்கிளை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உருட்டிக்கொண்டு நடந்தோம்.